கலியாணம் நடத்தவும் படிக்கோணுமா?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை, எங்கட செட்டில் ஒரு தங்கச்சி "நான் இவென்ட் மேனேஜ்மென்ட் படிக்கப்போறன்" என்று சொன்னாள். பக்கத்தில் இருந்த அவளுடைய உம்மம்மா கேட்டது இதுதான்: "கலியாணம் நடத்தவும் காசு கட்டிப் படிக்கோணுமா மகள்? நாங்க ஊரில எத்தின கலியாணம் நடத்தி எடுத்தம்."

எல்லாரும் சிரித்தோம். "அது வேற, இது வேற உம்மம்மா" என்று சமாளித்தோம். எப்படி வேறு என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் மாட்டியிருப்போம். நல்லவேளை, தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சந்திக்கும்போதெல்லாம் இந்தக் கதைதான். முகநூலில் வரும் டிப்ளோமா விளம்பரங்களை எடுத்துவைத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் ஒரே படம்: பூக்களால் செய்த சுவர், மேலே தொங்கும் சின்னச் சின்ன விளக்குகள், ஹெட்செட் மாட்டிக்கொண்டு டப்லட் பிடித்து நிற்கும் ஒரு பெண். ஆறு மாதம், ஆங்கில மூலம், கடைசியில் ஹோட்டலில் சான்றிதழ். 2010இல் 'பேண்ட் பாஜா பாராத்' படம் வந்ததிலிருந்து கலியாணத் திட்டமிடல் என்றால் ஒரு கலர்ஃபுல் வேலை என்ற நினைப்பு எங்கட வயது ஆட்களுக்குள் இறங்கிவிட்டது. 2024 மார்ச்சில் அம்பானி வீட்டுக் கலியாணக் கொண்டாட்டத்துக்காக ஜாம்நகர் விமான நிலையத்துக்குப் பத்து நாள் சர்வதேச விமான நிலைய அந்தஸ்தே கொடுத்தார்கள். அதைப் பார்த்த கண்ணுக்கு முசலியில் பந்தல் கட்டிக் கதிரை அடுக்குவது ஒரு வேலையாகவே தெரியாது.

ஆனால் இது வெறும் அலங்காரப் படிப்பு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பல், சுற்றுலா, நிகழ்வு முகாமைத்துவம் என்று ஒரு பட்டப்படிப்பே நடக்கிறது. உலக அளவில் இந்தத் துறைக்காரர்கள் தங்கள் அறிவை 'எம்பொக்' என்ற ஒரு சட்டகத்துக்குள் ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: நிர்வாகம், வடிவமைப்பு, சந்தைப்படுத்தல், செயற்பாடு, இடர். பூச்சுவர் இந்த ஐந்தில் ஒன்றுக்குள் ஒரு மூலையில் வரும். விளம்பரம் அந்த மூலையை மட்டும் காட்டுகிறது. எங்கட ஊருக்கு வேண்டியது மிச்ச நாலும் என்பதுதான் எங்கள் கட்சி.

எங்கட ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். சிலாபம் என்றாலும் சலாபம் என்றாலும் முத்துக்குளிப்புத்தான். சிலாவத்துறை என்றால் முத்துக்குளிப்பு நடக்கும் துறை. ஆற்றின் பெயரில் ஊர் உண்டு, மரத்தின் பெயரில் ஊர் உண்டு. எங்கட ஊர் ஒரு நிகழ்வின் பெயரில் இருக்கிறது. வருடத்தில் சில கிழமை மட்டும் நடக்கிற, நடக்காமலே பல வருடம் போய்விடுகிற ஒரு நிகழ்வு.

அந்த நிகழ்வு எப்படி நடந்தது என்று வாசிக்க வாசிக்கத் தலை சுற்றியது. வெறும் மணல்கரையில் ஓலையும் கம்பும் வைத்து ஒரு நகரம் எழும்பும். கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் குளியாட்கள், வள்ளக்காரர், வியாபாரிகள், கடன் கொடுக்கிறவர்கள், சாப்பாட்டுக் கடைக்காரர்கள் என்று வந்து இறங்குவார்கள். முசலியின் தெற்கே மறிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த பெருங்குளிப்புக்கு ஏறக்குறைய 40,000 பேர் கூடியதாக எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருடம் அங்கே வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு இளம் அதிகாரிதான் பின்னாளில் எழுத்தாளராகப் பேரெடுத்த லெனார்ட் வூல்ஃப். அவ்வளவு சனத்துக்கும் ஒரு கைப்பிடி அதிகாரிகள்தான். இராவில் தரைக்காற்றோடு வள்ளங்கள் போகும், பகலில் கடற்காற்றோடு திரும்பும். காற்றைப் பார்த்துத்தான் நேர அட்டவணை. வந்த சிப்பி 'கொட்டு' என்ற வேலியடைப்புக்குள் போய் மூன்றாகப் பிரிக்கப்படும். ஒரு பங்கு குளியாட்களுக்கு, இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, அன்று பின்னேரமே ஆயிரக்கணக்கில் ஏலம். இத்தனை சனம் நெருங்கிக் கிடக்கிற இடத்தில் சிப்பியும் அழுகி நாறும், வாந்திபேதி பற்றிய பயமும் இருக்கும். குடிதண்ணீர், கழிப்பிடம், ஆஸ்பத்திரி எல்லாம் முன்கூட்டி யோசிக்கவேண்டிய காரியங்கள்.

எங்களுக்கு மிகப் பிடித்தது 'கடற்கட்டி'யின் கதை. சுறாக்களின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் ஓதுகிற ஆள். பழைய குளிப்புகளில் அவருக்கு அரசாங்கமே ஊதியம் கொடுத்தது. மந்திரம் பலித்ததோ இல்லையோ, அவர் நிற்காவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்கமாட்டார்கள் என்பது வெள்ளைக்காரருக்கு விளங்கியிருந்தது. சனத்தின் பயத்தையும் கணக்கில் எடுத்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இடர் முகாமைத்துவம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல முதல் அத்தியாயம் எங்கே கிடைக்கும்?

இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. 1906இல் இந்தக் குளிப்பு முழுவதையும் ஒரு லண்டன் கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடத்தோடு பாரில் சிப்பி அற்றுப்போனது, கம்பனியும் மூடுப்பட்டது. 1925க்குப் பிறகு இங்கே பெருங்குளிப்பே இல்லை. குளிப்பைப் பார்ப்பதற்கென்று ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை இடிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அங்கே போய் செல்ஃபி எடுக்காதவர்கள் எங்களில் யாரும் இல்லை.

சரி, உம்மம்மாவுக்கு வருவோம். அவர் சொன்ன "நடத்தி எடுத்தம்" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஊரில் நடந்த ஒரு வலீமாவுக்கு நாங்கள் நாலுபேர் சாப்பிடப் போகாமல் சமையலடிக்குப் போய் நின்றோம். சமையல் நானா கையில் டப்லட் இல்லை. சிகரட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய நாலு வரி மட்டும். கணக்கு சகனில்தான் தொடங்குகிறது. ஒரு சகனுக்கு ஆறு பேர், ஒரு சகனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி. 600 பேர் என்றால் 100 சகன், 100 கிலோ. ஆனால் "600 பேருக்குச் சொல்லியிருக்கம்" என்று வீட்டுக்காரர் சொன்னால் நானா அதை அப்படியே எடுக்கமாட்டார். வெள்ளிக்கிழமையா, தொழில் நாளா, பள்ளிக்கூட லீவா, புத்தளத்திலிருந்து பஸ் வருதா என்று கேட்பார். பிறகு தலையைச் சொறிந்து ஒரு எண் சொல்வார். அன்று மிஞ்சியது ஐந்து சகன். பக்கத்து மத்ரஸாவுக்கு அனுப்ப ஆளும் ஓட்டோவும் முதலே பேசி வைத்திருந்தார்.

எத்தனை கிடாரம், எந்தக் கிடாரம் முதலில் இறங்கும், எத்தனை பந்தி, ஒரு பந்தி எழும்பி அடுத்தது இருக்க எத்தனை நிமிடம், விறகு ஈரமென்றால் என்ன செய்வது, பௌசர் தண்ணி பிந்தினால் யாரின் கிணறு... எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. 2022இல் காஸும் மண்ணெண்ணெயும் இல்லாமல் மண்டபக்காரர்கள் முழித்த நேரத்தில் இவர் விறகில் சமைத்துக்கொண்டே இருந்தார். 'செயற்பாடு' என்ற பாடத்துக்கு இவரை விரிவுரையாளராகப் போட்டால் என்ன என்று நாங்கள் பகிடியாகக் கேட்டோம். அவர் பகிடியாக எடுக்கவில்லை. "எனக்குப் பிறகு ஒருத்தனும் இல்லயே" என்றார்.

இந்த இடத்தில்தான் விஷயம் கனக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது ஏறக்குறைய 75,000 பேர் ஊரை விட்டார்கள். முசலிச் சனத்தில் பெரும்பகுதி புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தது. 2009க்குப் பிறகுதான் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். அந்த இருபது வருடத்துக்குள் பிறந்து வளர்ந்து கலியாணமும் கட்டியவர்கள் ஒரு தலைமுறை. ஓலைக் கொட்டிலில் கலியாணம் எப்படி நடக்கும்? நாலு சட்டியை இரவல் வாங்கி, சுருக்கமாக, சீக்கிரமாக. பிறகு கொஞ்சம் வசதி வந்ததும் மண்டபம், கேட்டரிங். ஊரில் எந்தக் குடும்பம் தண்ணீர் எடுக்கும், எந்தக் குடும்பம் பந்தல் போடும், யார் வீட்டுக் கிடாரம் பெரிசு என்ற ஒழுங்கெல்லாம் இடையில் அறுந்துபோனது. திரும்பி வந்தபோது பலருக்குக் காணியே சிக்கல். கடற்படை முகாமுக்குள் அகப்பட்ட காணிக்காக இதே சிலாவத்துறையில் சனம் தெருவில் இருந்து போராடியது. முற்றம் இல்லாவிட்டால் பந்தல் எங்கே போடுவது? மண்டபத்துக்கு ஓடுவதை ஆடம்பரம் என்று மட்டும் திட்டுகிற பெரியவர்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

உம்மம்மா "நாங்க நடத்தினம்" என்று சொல்வது உண்மை. ஆனால் அந்த 'நாங்க' கலைந்துவிட்டது. தானாகக் கைமாறி வந்த அறிவு இனித் தானாக வராது, யாராவது உட்கார்ந்து படித்தால்தான் வரும். தங்கச்சி படிக்கவேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு முதல் காரணம் இது.

எங்கட செட்டில் இருக்கிற அரிப்புப் பக்கத்துப் பெடியன் கூத்தை நினைவுபடுத்தினான். மன்னார் மாதோட்டத்துக் கூத்துப் பிரதிகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். 'எண்டிரீக்கு எம்பரதோர் நாடகம்' 1964இல் வந்தது. பாட்டு தப்பியது. ஆனால் விடிய விடிய நடக்கிற கூத்துக்கு அண்ணாவியார் மாதக்கணக்கில் எப்படி ஆட்களைக் கூட்டினார், கடலுக்குப் போகிறவனை ஒத்திகைக்கு எப்படி இழுத்துவந்தார், செலவை யார் எப்படிப் பங்குபோட்டார்கள் என்பதெல்லாம் கொப்பியில் ஏறவில்லை. அதையும் எழுதிவைக்கோணும் என்கிறான் அவன். சரிதான்.

இரண்டாவது காரணம் உயிர். 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் இசை நிகழ்ச்சி நடந்தபோது எங்களில் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். முன்னால் காசு கொடுத்தவர்களுக்குக் கதிரை, பின்னால் இலவசமாக நிற்கிற கூட்டம், நடுவில் தடுப்பு. தடுப்பு உடைந்தது, சனம் முன்னால் பாய்ந்தது, நிகழ்ச்சியை இடையில் நிறுத்தவேண்டி வந்தது. அடுத்தநாள் முழுக்க சமூக ஊடகத்தில் "எங்கட சனத்துக்குப் பண்பில்ல" என்ற பேச்சுத்தான். எங்களுக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. மேடை தெரியாத தூரத்தில் ஆயிரக்கணக்கான ஆட்களை நிறுத்திவைத்து, அவர்களுக்கு முன்னால் ஒரு மெல்லிய தடுப்பைப் போட்டால் அது உடையும். யாழ்ப்பாணத்திலும் உடையும், லண்டனிலும் உடையும். அன்று யாரும் சாகவில்லை என்பதால் அதைப் பண்புப் பிரச்சினையாகப் பேசிவிட்டுப் போகமுடிந்தது. 2025 செப்ரெம்பர் 27ஆம் திகதி கரூரில் மதியத்திலிருந்தே காத்துநின்ற கூட்டத்துக்குள் தலைவர் இரவானபிறகு வந்து சேர்ந்தபோது 41 பேர் நெரிசலில் செத்தார்கள். அங்கேயும் ஆளையாள் குற்றம் சொல்வதுதான் நடந்தது. எத்தனை மணிநேரம் சனம் தண்ணியில்லாமல் நின்றது, வெளியேற எத்தனை வழி இருந்தது, ஆம்புலன்ஸ் எதால் வரும் என்ற கேள்விகளைக் கூட்டத்துக்கு முன்னாலேயே கேட்கத் தெரிந்த ஒரு ஆள்தான் நிகழ்வு முகாமையாளர். அவர் கேட்டும் ஏற்பாட்டாளர் கேளாவிட்டால் "நடத்தமாட்டன்" என்று சொல்லவும் தெரியவேண்டும்.

இதற்கும் நல்ல பாடம் எங்கட மாவட்டத்திலேயே இருக்கிறது. மடுவில் ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 6ஆம் திகதி கொடியேறி 15ஆம் திகதி முடியும். இலட்சக்கணக்கில் சனம் வரும். காட்டுக்குள், மரத்தடியில், கூடாரமடித்து நாட்கணக்கில் தங்கும். ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே கச்சேரியில் கூட்டம் போடுவார்கள்: மறைமாவட்டம், அரச அதிபர், பொலிஸ், சுகாதாரம், இ.போ.ச., தண்ணீர் வழங்கல். அந்தக் கூட்டத்தின் மூலையில் இருந்து குறிப்பெடுக்க ஐந்து மாணவரை விட்டால் ஒரு செமஸ்டர் முடிந்தது. திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரிக்குப் பாலாவியில் தண்ணீர் அள்ளி மகாலிங்கத்துக்கு ஊற்றப் போகிற வரிசையும் அப்படித்தான். குளத்துக்கும் இலிங்கத்துக்கும் இடையில் அந்தச் சனம் எப்படி நகர்கிறது என்று ஒருவர் வரைபடம் போட்டுப் பார்க்கலாம். கோவிலுக்கு, சேர்ச்சுக்கு, பள்ளிக்கு ஆளுக்காள் போய்ப் பார்த்துப் படிப்பது இந்த மாவட்டத்தில் வேறுவகையிலும் பிரயோசனமான காரியம். ஒரு வளைவுக்காக 2019இல் சண்டைபிடித்த இடம் இது.

மூன்றாவது காரணம் காசு. எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் வந்ததும் இதில்தான்.

எங்கள் செட்டில் ஒருவரின் ராத்தாவின் கலியாணம் நடந்து நாலு வருடம். கடன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீடு கொடுக்கவேண்டும், அது ஒன்று. அதற்கு மேலால் மேடை, டிரோன், பொருத்திய விளக்கு, 'ஃபர்ஸ்ட் லுக்' வீடியோ. இதில் எதையும் அந்தக் குடும்பம் கேட்டு வாங்கவில்லை. "இப்ப எல்லாரும் செய்யிறாங்க" என்று பெக்கேஜ் காட்டினார்கள், வேண்டாமென்று சொல்ல வெட்கம். திட்டமிடுகிறவருக்குப் பல இடங்களில் சம்பளம் எப்படி வருகிறது என்றால், பந்தல்காரர், படக்காரர், பூக்காரர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு வீதம். பில் கூடினால் அவருக்குக் கூடும். இந்த ஏற்பாட்டுக்குள் எவ்வளவு நல்ல மனிசன் வந்தாலும் செலவைக் குறைக்கச் சொல்லித் தரமாட்டான்.

எங்களில் ஒரு பகுதி "அப்ப இந்தத் தொழிலே எங்கட ஊருக்கு வேணாம்" என்றது. மற்றப் பகுதி "தொழில் வந்துட்டுது, இனி எங்கட பிள்ளை செய்யாட்டி கொழும்பு ஆள் வந்து செய்வான்" என்றது. இரண்டாவது பகுதிதான் வென்றது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஊரில் இந்த வேலை செய்ய வருகிறவர் குடும்பத்திடமிருந்து மட்டும், முதலே பேசிய ஒரு தொகையை வாங்கவேண்டும். பொருள் கொடுக்கிறவனிடம் கமிஷன் எடுக்கக்கூடாது. முதல் சந்திப்பிலேயே "கடன் எடுக்காம உங்களால எவ்வளவு ஏலும்?" என்று கேட்டு, அந்த எண்ணைக் கொப்பியின் மேலே எழுதவேண்டும். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 2016இல் கலியாணத்துக்கு ஒரு கறிதான், இரவு 10 மணிக்கு முடிக்கவேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இங்கே சட்டம் தேவைப்படாது. பள்ளிவாசல் நிர்வாகமும் இரண்டு வசதியான குடும்பமும் முன்னால் வந்து சின்னதாக நடத்திக்காட்டினால் மிச்சப் பேருக்கு வெட்கம் விட்டுப்போகும். வசதியான வீட்டுக்காரர்தான் தொடங்கவேண்டும். ஏழை சின்னதாக நடத்தினால் ஊர் அதை இல்லாமை என்றுதான் சொல்லும்.

இன்னொன்று. தங்கச்சி ஒரு மாதிரி ஓட்டப்பட்டியல் காட்டினாள், ஒரு டிப்ளோமா வகுப்பில் கொடுத்தது. மணப்பெண் இறங்கும் நேரம், கேக் வெட்டும் நேரம், படம் பிடிக்கும் கோணம்வரை நிமிடக் கணக்கில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: "இதில பொண்ணு எங்க கையெழுத்து வைக்கிறது?" எங்கட கலியாணத்தில் மணமகள் கையெழுத்து வைக்கவேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் கேட்கவில்லை. வலீ வைத்தால் போதும். இதை மாற்றச் சொல்லி எங்கட பெண்கள் எவ்வளவு காலமாகக் கேட்கிறார்கள். முழு நாளும் அவளைச் சுற்றியே விளக்குப் போட்டு, கமெரா வைத்து, கடைசியில் அவளுடைய பேனாவுக்கு மட்டும் இடமில்லை. சட்டம் மாறும்வரை காத்திருக்காமல், நிக்காஹுக்கு முதல் பெண்ணிடம் தனியாக ஒருதரம் கேட்கிற பத்து நிமிடத்தைத் தன் பட்டியலில் சேர்க்கப்போவதாகச் சொல்கிறாள். எந்த ஆலிமும் இதை மறுக்க வழியில்லை என்றும் சொல்கிறாள். பார்ப்போம்.

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் என்விகியூ மட்டத்தில் இந்தப் பாடத்தைத் தமிழில், மன்னாரிலேயே நடத்துங்கள். ஆங்கிலம் வேண்டாம் என்றில்லை. வாடகை ஒப்பந்தம் வாசிக்க அது வேண்டும், அதைச் சேர்த்துப் படிக்கலாம். ஆனால் சமையல் நானா வகுப்புக்கு வந்து பேசினால் விளங்குகிற மொழியில் வகுப்பு இருக்கவேண்டும். பொருத்தும் வேலை, மின்சாரப் பாதுகாப்பு, சாப்பாட்டுச் சுத்தம், கூட்டக் கணக்கு, காசுக் கணக்கு முதலில். பூச்சுவர் கடைசி மாதத்தில்.

அது நடக்கும்வரை ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் நானாவின் சிகரட் பெட்டிக் கணக்கைப் பார்த்தெழுதினோம். இரண்டாம் பக்கத்துக்கு உம்மம்மாவிடம் போனோம், 1990க்கு முதல் ஊரில் யார் யாரிடம் பெரிய கிடாரம் இருந்தது என்று கேட்க. ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஏழாவது வீட்டில் நின்றுவிட்டார். அவர்கள் இப்போது புத்தளத்தில்தான், திரும்பி வரவில்லை. "கிடாரம் என்னாச்செண்டு கேட்டுப் பாக்கோணும்" என்று சொல்லி, ஃபோனை எடுத்துத்தரச் சொன்னார்.